ஒரு காது சிறிய சிப்பி

ஏணியிலிருந்து இறங்காமலே தம்பி கேட்டான். “என்னக்கா, பேச்சையே காணோம்?”

கீழே நின்ற அக்கா தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள். பிறகு மறுபக்கம் சாய்த்துப் பார்த்தாள். இத்தனை காலம் நடைபாதையில் கூடையை வைத்து விசிறிச் சிப்பி விற்றவளுக்கு நாளைக் காலையில் சொந்தக் கடை திறக்கிறது. வாசலுக்கு மேலே சிமெண்டில் பெரிதாக ஒரு விசிறிச் சிப்பி வேண்டுமென்று ஆசைப்பட்டு, கொத்தனாரான தம்பியிடம் வேலையைக் கொடுத்திருந்தாள். எடுத்த எதையும் முடிக்காதவன் என்பதால் வீட்டில் அவனுக்கு ‘அரைச்சுவர்’ என்று பெயர். “அவன்கிட்டயா?” என்று கேட்ட அவள் கணவன், சாயங்காலம் வேறொரு கொத்தனாரோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். பார்க்கச் சகிக்கவில்லை என்றால் இடித்துவிட்டுப் பெயர்ப்பலகை மாட்டிவிடுவதாக ஏற்பாடு.

“நல்லாத்தான் இருக்கு.”

“இழுக்கிறியே.”

“ஏதோ உறுத்துதுடா. என்னன்னு சொல்லத் தெரியல.”

“வரியெல்லாம் ஒழுங்கா விரிஞ்சிருக்கு. ஓரம் நெளிநெளியா வந்திருக்கு. இன்னும் என்ன?”

“உயிரே இல்லாத மாதிரி இருக்கு.”

“சிமெண்டுக்கு உயிர் வேற வேணுமா?”

“வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. எதைப் பாத்து செஞ்ச?”

தம்பி கரணையைத் துடைப்பதில் மும்முரமானான்.

“உன்னத்தான் கேக்குறேன்.”

“நம்ம வீட்டு சிப்பி மாடல் சோப்பு டப்பாவ.”

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “பின்னால மலையா சிப்பி ஓடு குவிஞ்சு கெடக்கு. அதை விட்டுட்டு நீ குளியலறைக்குப் போய்ப் பாத்திருக்க.”

“சோப்பு டப்பா நாறாதுல்லக்கா.”

அவள் பின்பக்கம் போய் மடி நிறைய ஓடுகளோடு வந்தாள். தம்பி ஒன்றை வாங்கித் தன் சிமெண்டுச் சிப்பிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். வரிகள் வந்து குவியும் அடிப்பகுதியில் இருபுறமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அவன் செய்ததில் இரண்டு காதும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவு. கையிலிருந்த ஓட்டில் ஒரு காது பெரிசு, மற்றது ஏதோ போனால் போகிறதென்று வைத்தது போலச் சின்னது.

“இது ஊனமா இருக்கும். வேற குடு.”

அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

“இத்தனை வருஷமா அள்ளுறேன், இது என் கண்ணுல படலையே,” என்றாள் அக்கா.

“உன் கண்ணெல்லாம் உள்ள இருக்கற சதை மேலதான். இங்க பாரு, பெரிய காதுக்குக் கீழ ஒரு வெட்டு மாதிரி பள்ளம் இருக்கு.”

“இதுல இல்லையே.”

“இருக்கு, பாரு.”

“அது உன் கையில இருக்கறது. என் கையில இருக்கறதுல இல்ல.”

இருவரும் படியில் உட்கார்ந்து ஓடுகளைப் பிரித்துப் போட்டார்கள். பாதி ஓடுகளில் பள்ளம் இருந்தது, பாதியில் இல்லை. ஆணும் பெண்ணுமாக இருக்குமோ என்றான் தம்பி. உன் மூளைக்கு அதுதான் தோணும் என்றாள் அக்கா. நாளைக்கென்று கடல் தண்ணீரில் போட்டு வைத்திருந்த உயிர்ச் சிப்பிகளின் வாளியை இழுத்து வந்தாள். ஒரு சிப்பி வாளியின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் வழக்கம்போலப் பிடுங்கப் போனாள்.

“இரு அக்கா, பிடுங்காத. எதை வச்சு ஒட்டியிருக்கு?”

குனிந்து பார்த்தார்கள். கீழ் ஓட்டின் பள்ளத்து வழியாக மெல்லிய நூல் கொத்தாக வெளியே வந்து வாளியைப் பிடித்திருந்தது.

“பாசின்னுல்ல நெனச்சு பிச்சுப் போட்டுக்கிட்டிருந்தேன்,” என்றாள் அக்கா மெதுவாக. “அப்ப இது அதோட கயிறா?”

“கயிறு வரத்தான் பள்ளம். அதனாலதான் அந்தக் காது பெரிசு போல. பள்ளம் இருக்கறது அடி ஓடு, இல்லாதது மேல் ஓடு.” தம்பி எழுந்தான். “ஒரு காதைச் சின்னதாக்கணும். சிமெண்டு இறுகிட்டா வெட்ட முடியாது. பள்ளமும் வைக்கவா?”

“வாசல் மேல போய் எவனாச்சும் அடியக் காட்டுவானா? மேல் ஓடே இருக்கட்டும்.”

சிமெண்டு பாதி இறுகியிருந்தது. கரணை முனையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினான். ஒருமுறை மொத்தமும் லேசாக அசைந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது காது சிறுத்திருந்தது. அவளுக்கு உறுத்தல் போயிருந்தது.

கணவன் புதுக் கொத்தனாரோடு வந்து அண்ணாந்து பார்த்தான்.

“நெனச்சேன். ஒரு காது மூளியா நிக்குது. அரைச்சுவர் அரைக்காதுல வந்து நின்னுட்டாரு. இடிச்சிடுங்க மேஸ்திரி.”

“அத்தான், இப்பத்தான் வேணும்னே சின்னதாக்கினேன்.”

“இது வேறயா. கெடுக்கறதுக்கு மெனக்கெட்டியா?”

மேஸ்திரி சுத்தியலைத் தேடிப் பையில் கையை விட்டார். அக்கா வாளியைத் தூக்கிவந்து கணவனின் காலடியில் வைத்தாள்.

“இடிக்கறதுக்கு முன்னால இதைப் பாத்துட்டு இடிங்க.”

“இதுல என்ன பாக்கறது? தெனம் எடை போடறதுதானே.”

“எடை போட்டீங்க. பாத்தீங்களா?”

அவன் சலித்தபடி குந்தினான். அவனுடைய நிழல் விழுந்ததும் சிப்பி படக்கென்று மூடிக்கொண்டது. கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னாள். தள்ளினான். சிறிது நேரத்தில் ஓடுகள் மெல்லப் பிரிந்தன. அவள் நூலைக் காட்டினாள், பள்ளத்தைக் காட்டினாள், காதைக் காட்டினாள். பையிலிருந்து கையை எடுத்துவிட்டு மேஸ்திரியும் பக்கத்தில் குந்தினார்.

“ஓரத்துல வரிசையா கறுப்பா மணி மாதிரி இருக்கே, என்னம்மா அது?” என்றார் மேஸ்திரி.

“கண்ணுன்னு படகுக்காரங்க சொல்வாங்க. நான் நம்பினதில்ல.”

கணவன் விரலை நீட்டி வாளிக்கு மேலே மெல்ல நகர்த்தினான். சிப்பி மூடிக்கொண்டது. விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தான்.

“கண்ணுதான் போல,” என்றான். “பாக்குதே.”

“அத்தான், சிமெண்டு இறுகிக்கிட்டிருக்கு. இருக்கட்டுமா, எடுத்திடவா? சீக்கிரம் சொல்லுங்க.”

கணவன் தலையைத் தூக்கவில்லை.

“அது அப்படியே இருக்கட்டும்டா. நீ எறங்கி வா, நிழல் விழாம வா.”