ஓரத்தில் குமிழ் விடும்போது

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் அந்த வியாழக்கிழமை வந்தது கோபம் இல்லை, பயம். சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிறவள் நான். பிரசவ விடுப்பு முடிந்து திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். ஒரு நாள் தள்ளினாலும் என் மெஷினில் வேறு ஒருத்தி உட்கார்ந்துவிடுவாள். நாலு மாத மகளோ, நான் சேர்த்து வைத்த பாலைத் தொடவே மாட்டேன் என்கிறாள்.

ஒன்றரை மாதமாகக் கண்ணும் கருத்துமாகச் சேர்த்தது. காலையில் அவள் ஒரு பக்கம் குடிக்க, மறுபக்கம் பம்ப் வைத்து எடுப்பேன். சில நாள் அரை டம்ளர் வரும், சில நாள் அடியில் ஒட்டுகிற அளவுதான். சின்னப் பைகளில் ஊற்றி, தேதி எழுதி, ஃப்ரீசரில் படுக்க வைத்தேன். மொத்தம் முப்பத்தெட்டுப் பை. ஐஸ் டிரேக்கு இடமில்லை என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தபோது, "மகாராணி சாப்பாடு இருக்கற இடத்துல உங்க ஐஸ் எதுக்கு?" என்று வாயை அடைத்தேன்.

அவர் டீ மாஸ்டர். விடியற்காலையில் கடைக்குப் போனால் ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிடுவார். அதன் பிறகு குழந்தை அவர் பொறுப்பு என்று பேசி வைத்திருந்தோம். ஒத்திகை பார்க்கத்தான் அன்று ஒரு பையை வெதுவெதுப்பான தண்ணீரில் இளக்கி, பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். ஒரு வாய்தான். மகாராணி முகத்தைக் கோணித் துப்பிவிட்டு, வீடே இரண்டுபடும்படி அழுதாள். இன்னொரு பை பிரித்தோம், அதே கதை. வெள்ளிக்கிழமையும் அப்படியே.

"பாட்டில்தான் பிடிக்கலையோ?" என்றேன்.

அவர் ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நக்கினார். கடையில் கேனுக்குக் கேன் ருசி பார்த்துப் பால் வாங்குகிறவர்.

"சோப்பு வாடை அடிக்குதும்மா," என்றார் தயங்கித் தயங்கி.

வந்ததே எனக்குக் கோபம்! "கடைக்கு வர்ற கேன்னு நெனச்சீங்களா, திருப்பி அனுப்ப?" என்று கத்தினேன். கத்திவிட்டு நானும் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தேன். பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. என் உடம்பில் ஊறியதா இது என்று நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அவர்தான் கிளினிக் நர்ஸ் அக்காவுக்கு போன் போட்டார்.

"எதுக்குடி அழற? பால் கெட்டுப் போகல," என்றார் அக்கா. "சில பேர் பால் அப்படித்தான். எடுத்து வெச்சா அதுல இருக்கற கொழுப்பு மாறி வாடை வந்துடும். சில குழந்தைங்க கண்டுக்காம குடிச்சிடும், உன் பொண்ணு ருசி பார்க்கறா. இனிமே எடுத்தவுடனே சூடு பண்ணு. கொதிக்க விடாத. ஓரத்துல குமிழ் விடும்போதே இறக்கி, சட்டுனு ஆற வெச்சு ஃப்ரீசர்ல வை."

"அப்ப மிச்சம் இருக்கற பை எல்லாம்?"

"கொட்டிடாத. பெரியாஸ்பத்திரில பால் வங்கி இருக்கு. குறைமாசக் குழந்தைங்களுக்கு டியூப் வழியா போற பால், அதுங்களுக்கு ருசி எங்க தெரியப் போகுது? உன் ரத்தத்தை டெஸ்ட் பண்ணிட்டு வாங்கிப்பாங்க."

என் மகள் துப்பியது யாரோ ஒரு பிள்ளையின் வயிற்றுக்குப் போகும் என்றதும் மனசு லேசானது. மறுநாளே ரத்தம் கொடுக்கப் போனேன்.

போவதற்கு முன் கால் டம்ளர் பால் எடுத்து அவரிடம் கொடுத்தேன். பாலைப் பதம் பார்த்து இறக்குவது அவருக்குக் கைவந்த கலை. ஆனாலும் அந்தச் சின்னக் கிண்ணத்தை அடுப்பில் வைத்தபோது தீயை இரண்டு தரம் குறைத்தார். அண்டா அண்டாவாகக் காய்ச்சுகிற மனிதர், மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்.

"என்னங்க, பரீட்சையா எழுதறீங்க?"

"சும்மா இரு. இது பொங்கிப் போச்சுன்னா வேற பாலுக்கு நான் எங்க போவேன்?"

ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழ் வந்த நொடியில் இறக்கி, ஐஸ் தண்ணீரில் வைத்துச் சுழற்றினார். எனக்கு அந்த ஆளை அப்போது ரொம்பப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதை இளக்கிக் கொடுத்தார். நான் குளியலறையில் ஒளிந்துகொண்டேன். அழுகைச் சத்தமே இல்லை. பொறுக்க முடியாமல் எட்டிப் பார்த்தேன். பாதி குடித்திருந்தவள் என்னைக் கண்டதும் பாட்டிலைத் தட்டிவிட்டு என்னிடம் தாவினாள். என் அவசரத்தால் கெட்டது ஒத்திகை. அன்று ராத்திரி எடுத்த பாலையும் அவர் அதே மாதிரி காய்ச்சி மறுநாளைக்கு வைத்தார்.

திங்கட்கிழமை மதியம், நூல்கண்டுகள் அடுக்கிய ஸ்டோர் ரூமில் சூப்பர்வைசர் அம்மா எனக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டுப் போனார். மார் கல்லாகக் கனத்தது. பம்ப்பில் ஒரு சொட்டு விழவில்லை. குடித்தாளோ, பட்டினி கிடக்கிறாளோ என்ற நினைப்பிலேயே பால் உள்ளுக்குள் நின்றுவிட்டது. அந்த நேரம் போன் அடித்தது.

"முழுசும் குடிச்சிட்டா," என்றார்.

அப்பாடா என்று இருந்தது. கூடவே நெஞ்சில் சுருக்கென்றும் இருந்தது. "என்னைத் தேடவே இல்லையா?"

"தேடாம என்ன? குடிச்சு முடிச்சிட்டு என் சட்டைக்குள்ள மூஞ்சிய விட்டுத் தேடினா. ஒண்ணும் கிடைக்கல. என்னை ஏறிட்டு ஒரு பார்வை பார்த்தா பாரு, ஏமாத்துக்காரனைப் பார்க்கற மாதிரி!"

சிரித்துவிட்டேன். சிரிக்கும்போதே கண் நிறைந்து வழிந்தது. குனிந்து பார்த்தால் பம்ப்பில் பால் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது. நாளைக்கு அவளுக்கு இருக்கிறது.