இருவரும் கண்ட பறவைகள்

ஒருவர் மட்டும் கண்ட பறவை கணக்கில் சேராது. சந்திரவதனா வீட்டில் பதினொரு வருடமாக இதுதான் சட்டம். ஜனவரி முதலாம் திகதி புதுக் கொப்பி திறப்பார்கள். இலக்கம், பறவையின் பெயர், திகதி, இடம். டிசம்பர் முப்பத்தொன்றில் மூடிவிடுவார்கள். இடையில் அவளும் புருசன் இராஜரட்ணமும் தங்கள் கண்ணால் கண்டவை மட்டும் அதில் ஏறும். சத்தம் கேட்டதெல்லாம் சேராது.

சட்டம் சும்மா வரவில்லை. முதல் வருடம் அவள் குடிக்கக் கோப்பி வாங்கப் போன ஐந்து நிமிடத்தில் மனுசன் தனியே ஓர் ஆந்தையைக் கண்டு எழுதியும் விட்டார். ஒரு கிழமை வீட்டில் சமையல் நடந்தது, பேச்சு நடக்கவில்லை. கடைசியில் அவரே கொப்பியில் ஆந்தையைக் கோடு போட்டு வெட்டிவிட்டு, "இனி ரெண்டு பேரும் கண்டால்தான் எழுதுறது, சரியே?" என்றார். கலியாணமாகி இருபது வருடத்துக்குப் பிறகு அப்படி ஒரு பேச்சு அவளுக்கு எவ்வளவோ பிடித்திருந்தது.

இந்த வருடம் நூற்று நாற்பத்தாறில் நின்றது. போன வருடமும் அதே எண். இன்னும் ஒன்று கிடைத்தால் போன வருடத்தைத் தாண்டலாம் என்று, வருடம் முடிய நாலு நாள் இருக்கையில், வோபர்னில் உள்ள வீட்டிலிருந்து ஏரிக்கரையிலுள்ள புளஃபர்ஸ் பார்க்குக்கு வந்தார்கள். வழக்கம்போல அவர்தான் ஓட்டினார். அவளுடைய லைசன்ஸ் இருபது வருடமாகக் கைப்பைக்குள் நித்திரை.

ஏரிக்கரைக் கற்களில் ஐஸ் பிடித்திருந்தது. காற்று காதை அறுத்தது. முக்காலியில் பூட்டிய ஸ்கோப் தொலைநோக்கியால் அவள்தான் அதைக் கண்டாள். பாறைக்குப் பக்கத்தில் சின்னத் தாரா வாத்து ஒன்று அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் எப்போதாவது மட்டும் வருகிற இனம்.

"இஞ்ச பாருங்கோ, ஹார்லிகுயின் தாரா. கெதியா வாங்கோ."

அவர் குனிந்து கண்ணை வைத்தார். "ஓம், கண்டிட்டன். என்ன வடிவு. நீல உடம்பு, விலாவில செங்கல் நிறம், முகத்தில வெள்ளைப் பட்டை."

அவள் நூற்று நாற்பத்தேழு என்று எழுதினாள். பெயரை எழுத முன் பேனை நின்றது. அவரை விலக்கித் திரும்பப் பார்த்தாள். அதே தாரா, அதே இடம், ஒற்றையாக. மங்கல் மண்ணிறம், கன்னத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. அது பேடு. நீலமும் செங்கல் நிறமும் சேவலுக்குத்தான் உண்டு. மனுசன் புத்தகப் படத்தைப் பார்த்துப் படித்ததை ஒப்புவித்திருக்கிறார். பறவை தெரியாத ஒருவர் வெறும் ஓம் சொல்லித் தப்பியிருப்பார்.

"அங்க நிக்கிறது பேடு," என்றாள்.

அவர் ஏரியைப் பார்த்தபடியே நின்றார்.

"நடுவில ஒரு கறுப்பு, சந்திரா. எதைப் பார்த்தாலும் அதுக்குள்ள மறையுது. சுத்திவரத்தான் தெரியுது."

"எப்ப தொடக்கம்?"

"கொஞ்ச நாளா."

அவள் கையை நீட்டினாள். அவர் பொக்கெற்றிலிருந்து கார்த் திறப்பை எடுத்துக் கொடுத்தார்.

காருக்குள் ஹீற்றரைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கின் முன் இருந்து அவள் கத்தினாள். "இந்தக் கண்ணோடையோ என்னை ஏத்திக்கொண்டு ஹைவேயில ஓடினீங்கள்?"

"பகல்ல மட்டும்தானே ஓடினனான்."

அறையலாம் போல இருந்தது அவளுக்கு. அவர் மெல்லச் சொன்னார். "மூக்குக்கண்ணாடிக் கடையில மே மாசமே சொன்னவங்கள். சீனி வருத்தம் கண்ணுக்க இறங்கியிட்டுதாம், ஸ்பெஷலிஸ்ட்டிட்டப் போகட்டாம். போனால் லைசன்ஸைப் பறிப்பாங்கள். பிறகு ஆர் உம்மை இங்கையெல்லாம் கூட்டிக்கொண்டு வாறது? நான் காணேல்லை எண்டால் உமக்கும் அந்தப் பறவை இல்லையே."

"உண்மையாக் கண்டதுக்கு மட்டும் ஓம் சொல்லுங்கோ," என்று அவள் கொப்பியைத் திறந்து முதலாம் இலக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். அவர் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

"எண்பத்தொண்டு. மஞ்சள் வார்ப்ளர்க் குருவி. மே நாலு."

"ஓம். நெஞ்சில இருந்த சிவப்புக் கோடும் தெரிஞ்சது."

"எண்பத்திரண்டு. கருந்தொண்டை வார்ப்ளர். மே ஒன்பது."

"இல்லை."

எண்பத்துமூன்று இல்லை. எண்பத்துநாலும் இல்லை. பெரிய வெள்ளைக் கொக்குக்கு வந்தபோது அவர் தயங்கினார். "வெள்ளையா ஏதோ நிண்டது. நீர் கொக்கெண்டு சொன்னபடியால் கொக்கு. அதையும் வெட்டும்." இன்னொன்றுக்கு, "சத்தம் கேட்டனான்," என்றார்.

"சத்தம் சேராது," என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே வெட்டினாள். பாதி எழுதிய நூற்று நாற்பத்தேழோடு அறுபத்தாறு கோடுகள். பிறகு பிரிம்லி ரோட்டின் ஏற்றத்தில் பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடிக்க அடிக்க, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி, வீடுவரை ஓட்டிக்கொண்டு போனாள்.

வருடத்தின் கடைசி நாள் அவசரமென்று கண் வைத்தியர் நேரம் கொடுத்தார். எப்போதிலிருந்து என்று அவர் கேட்க, இராஜரட்ணம் அங்கேயும் "கொஞ்ச நாளா" என்றார். சந்திரவதனா கொப்பியை மேசையில் விரித்து, மே நாலில் ஒரு விரலும் மே ஒன்பதில் ஒரு விரலும் வைத்துக் காட்டினாள். வைத்தியர் வெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வலக்கண்ணை ஊசி போட்டுப் பிடித்து வைக்கலாம் என்றார். இடக்கண் போய்விட்டது. மே மாதம் வந்திருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருக்கலாம் என்று அவர் சொன்னபோது, இராஜரட்ணத்தின் முகத்தில் ஒரு மாற்றமுமில்லை. ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொல்லும்படி அவளிடம் கேட்கவுமில்லை. அது அவருக்கு முன்பே விளங்கியிருந்தது.

ஊசிக்குக் காத்திருந்த வாங்கில் உட்கார்ந்து அவள் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலை மறைவில் நிற்கிற ஒரு விரல் நீளக் குருவியின் கண்ணைச் சுற்றி வளையம் இருக்கிறதா இல்லையா என்று அரை மணித்தியாலம் நின்று பார்த்தவள் அவள். எட்டு மாதமாகப் பக்கத்தில் நின்ற மனுசனின் கண்ணை ஒருநாள் பார்க்கவில்லை. அவளுடைய ஆசைக்குத்தான் அவர் ஓம் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறார்.

"இப்ப எத்தினை நிக்குது?" என்று அவர் கேட்டார்.

"எண்பத்தொண்டு."

அவர் அவள் பக்கம் திரும்பினார். முகத்துக்கு நேரே பார்க்காமல், அவளுடைய தோளுக்கு அப்பால் எங்கேயோ பார்த்தார். அப்படிப் பார்த்தால்தான் நடுவிலுள்ள கறுப்பு விலகித் தன் முகம் அவருக்குத் தெரிகிறது என்று அவளுக்கு விளங்கியது. எத்தனையோ மாதமாக அவர் இப்படித்தான் பார்த்திருக்கிறார். காது கொடுத்துக் கேட்காமல் பராக்குப் பார்க்கிறார் என்று, அதற்கும் அவள் சண்டை பிடித்திருக்கிறாள்.