மணிக்குள் நிற்கும் கடல்

எங்கள் புந்தாமாரா ஊர்க் கோயில் மணிக்குள் கடல் நிற்கிறது. மற்ற மணிகளைப் போல அதுவும் வாய் கீழே பார்க்கத்தான் தொங்குகிறது. தண்ணீர் ஒரு சொட்டும் சிந்துவதில்லை. பிஷப் அனுப்பிய ஆள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பலெர்மோவிலிருந்து வந்த மணி வார்ப்புக்காரர் பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டார். அதன் வழியாகவும் எதுவும் வரவில்லை. ஓட்டை இன்னும் இருக்கிறது. ஒரு குருவி கூடு கட்டப் பார்த்து, கால் நனைந்து, கோபித்துக்கொண்டு போய்விட்டது. இன்று சிசிலி முழுவதிலிருந்தும் கடலுக்கு ஆளைப் பறிகொடுத்தவர்கள் படியேறி வந்து மணிக்குள் கையை நீட்டுகிறார்கள். சிலருடைய கையை உள்ளிருந்து ஒரு கை பிடிக்கிறது. பலருக்குச் சட்டைக்கை நனைவதோடு சரி.

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்றாம் வருடப் பெரிய வெள்ளியில் இது தொடங்கியது. பெரிய வியாழன் பூசையோடு மணியின் வாயைக் கட்டினால் சனிக்கிழமை உயிர்ப்புப் பூசையில்தான் அவிழ்ப்பது. நடுவில் எல்லாவற்றுக்கும் கையால் சுழற்றினால் கடகடக்கும் மரக் கட்டைமணிதான். இந்த விஷயத்தில் மணியடிக்கும் கலோஜெரோ, பூசை வைக்கும் சாமியாரைவிடக் கறார். மணியின் நாக்கைத் துணியால் சுற்றிக் கட்டி, கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிடுவார். அந்த வாரம் மத்தி மீன் பிடிக்கப் போன படகு வியாழனே திரும்பியிருக்க வேண்டும். காற்று விழுந்துபோனதால் வரவில்லை. வெள்ளி மதியம் நீட்டிய கை தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கியது. எங்கள் துறைவாய் குறுகல். பனியில் கோயில் மணிச்சத்தத்தை வைத்துத்தான் படகுகள் அதைக் கண்டுபிடிக்கும். படகில் ஒன்பது பேர் இருந்தார்கள். அதில் கலோஜெரோவின் ஒரே மகன் நித்துவும் ஒருவன்.

ஈஸ்டருக்கான பாஸ்கா ரொட்டிக்குப் பிசைந்த மாவு கையில் ஒட்டியிருக்க, நித்துவின் மனைவி வெனேரா கோயிலுக்கு ஓடி வந்தாள்.

“மாமா, அங்க இருக்கிறது உங்க பிள்ளை. ரெண்டு இழுப்பு இழுங்க, போதும்.”

“ஆண்டவர் செத்துக் கிடக்கார். இன்னைக்குப் போய் மணியடிக்கச் சொல்றியே, புத்தி இருக்கா உனக்கு?”

“செத்தவருக்குக் காது கேக்காது மாமா. உயிரோட இருக்கிறவனுக்குத்தான் கேக்கும்.”

“நாளைக்குக் காலைப் பூசைல ஊரே அதிர அடிக்கிறேன்.”

“நாளைக்கு அடிச்சு யாரை எழுப்பப் போறீங்க?”

கலோஜெரோ கயிற்றைத் தொடவில்லை. ஆனால் பெற்ற மனசு கேட்கவில்லை. கட்டைமணியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார். சத்தம் தூரம் போக வேண்டுமே என்று பாறை முனையின் கடைசிக் கல்லில் ஏறி நின்று, உள்ளங்கை கிழியக் கிழியச் சுழற்றினார். அங்கேதான் தவறு செய்துவிட்டார். பனிக்குள் இருந்தவர்கள் சத்தம் வரும் இடம்தான் துறைவாய் என்று நம்பித் துடுப்புப் போட்டார்கள். “நிறுத்தாதீங்கப்பா, வந்துட்டோம்!” என்று நித்து கூவியது அவருக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் நிறுத்தவில்லை. படகு அவர் காலடியில் உடைந்தது.

சனிக்கிழமை காலை, நாக்கில் கட்டிய துணியை அவிழ்க்க மணிக்குள் கையை விட்டவருக்கு முழங்கை வரை தண்ணீர் ஏறியது. உள்ளிருந்து ஒரு கை அவர் கையைப் பிடித்தது. அதன் சுண்டுவிரல் கோணல். அந்தக் குடும்பத்து ஆண்கள் எல்லோருக்கும் அப்படித்தான். ஒன்பது பேரில் ஒருவருடைய உடலும் கரை ஒதுங்கவில்லை. மணியும் அதற்குப் பிறகு ஒலிக்கவில்லை. ஞானஸ்நானம், கல்யாணம், திருவிழா எல்லாவற்றுக்கும் கட்டைமணிதான். கல்யாண வீட்டிலும் பெரிய வெள்ளிச் சத்தம் கேட்கிற ஊருக்கு வாழ்க்கைப்பட வெளியூர்ப் பெண்கள் யோசித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

இருபத்திரண்டு வருடம் கலோஜெரோ தினமும் மணிக்கடியில் கையைத் தூக்கியபடி நின்றார். வெனேரா மதியத்துக்கு அவரைப்பருப்புக் கஞ்சியைக் கொண்டுவந்து கோபுரத்தின் முதல் படியில் வைப்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள், மேலே ஏறவும் மாட்டாள். யாராவது எடுத்துச் சொன்னால், “அந்தாளு நிக்கிற இடத்துல எனக்கென்ன வேலை? என் புருஷனைக் கொன்ன கை அது. பிடிச்சுக்கிட்டே நிக்கட்டும்” என்பாள். அப்படிச் சொன்ன நாட்களில் அவள் வீட்டில் விளக்கு எரியாது. பாவம், ஏறிப் போய்ப் பிடித்துக்கொள்ள அவளுக்கும் ஒரு கை அங்கே இருந்தது.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் கலோஜெரோ நின்றபடியே செத்துப்போனார். கையை வெளியே இழுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அவரை மண்ணில்தான் புதைத்தோம்.

அடுத்து வந்த பெரிய வெள்ளியன்று வெனேரா கோபுரம் ஏறினாள். ஊர் கீழே காத்து நின்றது. ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு சட்டைக்கையும் சொட்டச் சொட்ட இறங்கி வந்தாள்.

“நித்து இருக்கானாம்மா?” என்று சாமியார் கேட்டார்.

“ரெண்டு கையையும் உள்ள விட்டேன் சாமி. ஒவ்வொண்ணையும் ஒரு கை பிடிச்சுக்கிச்சு. கிழவனோடதை உதறிடணும்னுதான் நினைச்சேன். ரெண்டுக்கும் சுண்டுவிரல் கோணல், ரெண்டும் சில்லுனு இருந்துச்சு. எது யாருதுன்னு தெரியல.”

“அப்புறம்?”

“என்ன பண்றது, ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.”

பிற்பகல் மூன்று மணி வழிபாட்டுக்கு நேரமாகியிருந்தது. வழிபாட்டுக்கு அழைக்கக் கலோஜெரோ இல்லை. வெனேரா ஆணியில் தொங்கிய கட்டைமணியை எடுத்து, பாறைப் பக்கம் திரும்பாமல், கோயில் வாசலில் நின்று சுழற்றினாள். நாங்கள் உள்ளே போனோம்.