முன்ஸிப் கையால் இறக்கிய விமானம்

முன்ஸிப் அந்தக் கதையை மறுபடியும் ஆரம்பித்தபோது மபாஸ் அள்ளிய சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். ஒரே சஹனைச் சுற்றி ஆறு ஆண்கள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெரிய தட்டில் குவித்திருந்த புரியாணிக்குள் அவரவர் பக்கத்திலிருந்து அவரவர் கை போய்வந்தது. எல்லாரும் முடிக்கும்முன் ஒருவன் எழும்புவது மரியாதையில்லை. ஆகவே கதையையும் சோற்றோடு சேர்த்து விழுங்கித்தான் ஆக வேண்டும்.

மபாஸின் வாப்பா மொஹிதீனுக்குப் பதுளைக் கடைவீதியில் இரும்புச் சாமான் கடை. அவரும் உம்மா லரீபாவும் மக்காவுக்கு உம்ரா யாத்திரை புறப்படுகிறார்கள். அதற்குத்தான் இந்த விருந்து. தெமோதரைப் பாலத்தை ரயில் கடக்கும்போதே கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓதத் தொடங்குகிறவர் லரீபா. விமானமா, ஆளை விடுங்கள் என்று வருடக்கணக்காகத் தட்டிக்கழித்தவர், கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையில்தான் இறங்கிவந்தார். "என்ட மகன் ஓட்டுற பிளேனெண்டா வாறன்." வளைகுடா நாட்டுக் கம்பனி ஒன்றில் முன்ஸிப் கேப்டன், மபாஸ் அவனுக்குத் துணை விமானி. மாமி மகனான முன்ஸிப் யார் யாரையோ பிடித்து, அந்தப் பயணத்தில் இருவருக்கும் வேலை விழும்படி செய்துவிட்டான். ஊரே அதைச் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தது.

"கம்ப்யூட்டரெல்லாம் கைய விரிச்சிட்டு, மாமா," என்றான் முன்ஸிப், வாயில் கோழியை அதக்கிக்கொண்டே. "கீழ கடல். அல்லாஹ்வும் என்ட இந்த ரெண்டு கையும் மட்டும்தான். சனமெல்லாம் கைதட்டின."

நெய் வழிந்த வலக்கையோடு இடக்கையையும் சேர்த்து விரித்துக் காட்டினான்.

அன்று கம்ப்யூட்டருக்கு ஒரு கேடும் வரவில்லை. கடலோரத்துச் சின்ன விமான நிலையம் அது. இறங்க வழிகாட்டும் சமிக்ஞையைப் பழுதுபார்ப்பதற்காக நிறுத்தியிருந்தார்கள். நல்ல வெயில், ஓடுபாதை பளிச்சென்று தெரிந்தது, கண்ணால் பார்த்து இறக்குங்கள் என்றார்கள். பறக்கப் படிக்கிற பிள்ளைகள் முதல் வருடத்தில் செய்கிற வேலை. முன்ஸிப் தானியங்கியை அணைத்தான். வேகத்தைத் தானாகப் பார்த்துக்கொள்ளும் கருவியையும் அணைத்தான். எஞ்சினைத் தணித்து இறங்கினான், வேண்டிய உயரம் வந்ததும் மூக்கை நிமிர்த்தினான். நிமிர்த்தியவன் எஞ்சினைக் கூட்டவேண்டுமல்லவா? கூட்டவில்லை. இத்தனை வருடமும் அதைக் கருவிதான் கூட்டியது. இன்றைக்கும் அது பார்த்துக்கொள்ளும் என்று அவன் கை எஞ்சினைக் கூட்டும் நெம்புகோலின் மேல் செத்த கைபோலக் கிடந்தது.

பக்கத்தில் இருந்த மபாஸ் மட்டும் என்ன கிழித்தான்? வேகம் மளமளவென்று விழுவதைத் திரையில் பார்த்தான். இதோ பிடித்துக்கொள்ளும், இதோ பிடித்துக்கொள்ளும் என்று பார்த்துக்கொண்டே இருந்தான். "ஸ்பீட், ஸ்பீட்" என்று விமானமே கத்தியது. அப்போதும் இரண்டு பேரும் முழித்தார்கள். இவர்களை நம்பிப் பயனில்லையென்று அந்த இயந்திரம் தானே எஞ்சின்களை முழு வேகத்துக்குத் தூக்கி எல்லாரையும் காப்பாற்றியது. அடுத்த சுற்றில் முன்ஸிப் தானியங்கியை மறுபடி இயக்கிக் கடைசிவரை அதையே ஓட்டவிட்டு, மிச்சத்தைத் தொப்பென்று தரையில் போட்டான். அதற்குத்தான் கைதட்டல்.

தரையிறங்கிய பிறகு, திடீரென்று காற்று மாறி அடித்ததாகக் கம்பனியிடம் முன்ஸிப் சொன்னான். மபாஸ் ஆமென்று தலையை ஆட்டினான். கம்பனிக்கு அந்தக் காற்று வசதியாக இருந்தது. விமானிகளுக்கு மறுபடி கையால் ஓட்டப் பழக்குவோம் என்று அங்கே ஒரு மனிதனுக்கும் தோன்றவில்லை. இனி யாரும் அவசியமில்லாமல் தானியங்கியை அணைக்கக் கூடாது, அணைத்தால் அலுவலகத்துக்கு வந்து காரணம் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். நீந்தத் தெரியாத தோணிக்காரனைப் பார்த்து, நீ தண்ணீரில் இறங்காதே, போதும் என்று சொல்லுகிற புத்தி. அந்த உத்தரவை வாசித்தபோது மபாஸுக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் அருவருப்பு.

சஹன் பாதிக்கு வந்ததும் மொஹிதீன் தொண்டையைச் செருமினார். உம்ராவுக்குப் போகிறவர்கள் எல்லாரிடமும் மாப்புக் கேட்டுவிட்டுத்தான் புறப்படுவார்கள். முதலில் அழகையாவின் பக்கம் திரும்பினார். தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து ஆளான அவர் மொஹிதீனின் பழைய சிநேகிதர். இவர்களை விமான நிலையத்துக்குக் கொண்டுபோவதும் அவருடைய வேன்தான்.

"ஏதும் பிழை செஞ்சிருந்தா பொறுத்துக்கோங்க, அழகையா."

"என்னங்க பெரிய வார்த்தையெல்லாம் பேசுறீங்க. நல்லபடியா போயிட்டு வாங்க. பெரகல வரைக்கும் மலை வளைவுல நான் ஓட்டுறதுக்குத்தான் நீங்க பயப்படணும். பிளேன்ல ஏறிட்டா தம்பிக ரெண்டு பேரும் இருக்காங்க."

எல்லாரும் சிரித்தார்கள். முன்ஸிப்பிடம் கேட்டபோது அவன் மார்பில் கை வைத்தான். "நீங்க என்ன பிழ செஞ்ச, மாமா? ராஜா மாதிரி கொண்டுபோய் எறக்குறன்."

பிறகு வாப்பா மகனைப் பார்த்தார்.

"சின்ன வயசுல ஒன்ன நெறைய அடிச்சிரிக்கன், மகன். மனசுல வெச்சிக்காத. மாப்புத் தா."

தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விருந்து நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் இரண்டு திருட்டுப்பயல்களுக்கு நடுவில் உட்கார்ந்து இந்த மனிதர் மன்னிப்புக் கேட்கிறாரே என்று மபாஸுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"நீங்க கேக்கக் கூடாது, வாப்பா. நாங்கதான் ஒங்கக்கிட்ட கேக்கணும்."

"மச்சான், சாப்பாட்டுல இரிக்கம்," என்றான் முன்ஸிப்.

மபாஸ் நிறுத்தவில்லை. காற்று அடிக்கவில்லை என்றான். கம்ப்யூட்டர் கையை விரிக்கவில்லை, நாங்கள்தான் விரித்தோம் என்றான். விழப்போன விமானத்தை எது தூக்கியது என்பதையும் சொன்னான். சஹனில் யாருடைய கையும் அசையவில்லை.

முன்ஸிப் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. ஒரு நல்ல கோழித் தொடையாகப் பார்த்துப் பிய்த்து மபாஸின் பக்கம் தள்ளினான்.

"இவனுக்குப் பயம், மாமா. இப்ப ஒலகத்துல எவன் கையால ஓட்டுற? எல்லாரும் இப்பிடித்தான். மெஷின் இரிக்கே, அது பாத்துக்கொள்ளும்."

அவனுக்கு அது வாதமாகப் பட்டது. அவன் விரல் பட்ட அந்த இறைச்சியை மபாஸ் ஒதுக்கித் தள்ளினான். உள்ளே பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து வட்டிலப்பத் தட்டோடு வந்த லரீபா வாசலிலேயே நின்றுவிட்டார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

மொஹிதீன் முன்ஸிப்பைத் திரும்பியும் பார்க்கவில்லை. கடையில் ஒரு சாமானின் தரத்தைக் கேட்கிற அதே குரலில் மகனிடம் கேட்டார்.

"இவன வுடு. மெஷின் இல்லாம, நீ கையால ஓட்டினா, நானும் உம்மாவும் ஏறலாமா?"

ஏறலாம் என்று சொல்ல மபாஸுக்கு ஆசையாகத்தான் இருந்தது. மடியில் கிடந்த தன் இடது கையை, எஞ்சினைக் கூட்டிக் குறைக்க வேண்டிய கையை, பார்த்தான். அந்தக் கை கடைசியாக எப்போது ஒரு விமானத்தை முழுதாக இறக்கியது என்று யோசித்தான், ஞாபகம் வரவில்லை.

"வாணாம், வாப்பா. இப்ப ஏறவாணாம்."

வாசலில் நின்ற லரீபாதான் கேட்டார். குரலில் கோபமில்லை, தெரியாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற மாதிரிதான் கேட்டார்.

"அப்ப இவ்வளவு நாளும் மத்தவங்கட உம்மாமாரத்தானா, மகன், ஏத்திக்கிட்டுப் போன?"