ஆறு மணி நேரம் தேங்கிய தண்ணீர்

குடிநீர் அலுவலகத்திலிருந்து வந்த தாளை அவர் மூன்று முறை படித்தார். முப்பத்தொரு வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாகப் போய்த் தராசுத் தட்டுகளைக் கவிழ்த்துப் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்குத் 'தராசு' என்றுதான் பெயர். அலுவலகத் தாளில் எழுதியிருப்பதை எழுதியபடி செய்துதான் அவருக்குப் பழக்கம்.

இந்தத் தெருவின் பழைய வீடுகளுக்குள் வரும் குழாய்கள் ஈயமாக இருக்கலாம் என்றது தாள். ஈயம் கலந்த தண்ணீருக்கு நிறம் மாறாது, ருசி மாறாது, காய்ச்சினாலும் அது போகாது. கைக்குழந்தைகளுக்குத்தான் கெடுதல் அதிகம். சோதனைக்கு ஒரு புட்டியும் உடன் வந்திருந்தது. ஆறு மணி நேரம் வீட்டில் யாரும் தண்ணீர் புழங்கக் கூடாது. பிறகு சமையலறைக் குழாயைத் திறந்ததும் விழும் முதல் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். குழாய்க்குள் தேங்கி நிற்கும்போதுதான் ஈயம் தண்ணீரில் இறங்கும்.

மகளிடம் இதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியதுதான் வினையாகப் போயிற்று.

"அப்பா, ரிப்போர்ட் வரட்டும். அப்புறம் முடிவு பண்றேன். பாப்பா குடிக்கறது பாட்டில் பால். பவுடரைத் தண்ணியிலதானே கலக்கறோம்?"

மகளின் கணவன் கப்பலில் இருந்தான். பிரசவ விடுப்பு முடிந்து வங்கி வேலைக்குத் திரும்பும் அவள் இரண்டு கிளைகளில் ஒன்றுக்கு மாற்றல் கேட்கலாம். ஒன்று அப்பா இருக்கும் ஊர். மற்றது மாமியார் இருக்கும் ஊர். மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா வீட்டுக்கு வந்தால் பகல் முழுக்க ஐந்து மாதப் பேத்தி அவர் பொறுப்பு.

"உங்களால முடியுமாப்பா?" என்று அவள் கேட்டபோது, "இருநூறு கிலோ எடைக்கல்லு தூக்கினவன்டி நான்" என்றார். அவ்வளவு பெரிய எடைக்கல் எந்தக் கடையிலும் கிடையாது என்பது அவளுக்கும் தெரியும்.

அவர் தாளில் சொன்னபடியே செய்தார். இரவு பத்து மணிக்கு மேல் குளியலறைப் பக்கம் போகவில்லை. தாகம் எடுத்தபோது எச்சிலை விழுங்கிக்கொண்டார். காலை ஆறரைக்குப் புட்டியைப் பிடித்து மூடி, தேதியும் நேரமும் எழுதி அனுப்பினார். ஐந்தாம் நாள் முடிவு வந்தது. பத்துக்குள் இருக்க வேண்டிய ஈயம் இரண்டு.

அன்றைக்கே உள்ளறையைக் காலி செய்தார். மனைவியின் தையல் இயந்திரத்தைக் கூடத்துக்கு இழுத்து வந்தார். தவழக்கூடத் தெரியாத குழந்தைக்காக மேஜையின் நான்கு முனைகளையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மழுக்கினார். ஞாயிற்றுக்கிழமை வருவதாக மகள் சொல்லியிருந்தாள்.

வியாழக்கிழமை பகலில் குழாய்ப் பரிசோதகர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும் பெண். தோள்பையும் தலையில் மாட்டும் விளக்குமாக வாசலில் நின்றார். தெருவில் எல்லா வீட்டுக் குழாய்களும் எந்த உலோகம் என்று பதிவு செய்கிறார்களாம்.

"ரிப்போர்ட் வந்துடுச்சே மேடம். ரெண்டுதான்."

"பார்த்தேன் சார். தெருவிலேயே உங்க வீட்டுதுதான் கம்மி. இருந்தாலும் குழாயைப் பார்த்தாகணும். அஞ்சு நிமிஷம்."

சமையல் மேடைக்கு அடியில், சுவரைத் துளைத்துக் குழாய் உள்ளே வரும் இடத்தில் பரிசோதகர் குப்புறப் படுத்தார். பையிலிருந்து வட்டமான சிறு காந்தம் ஒன்றை எடுத்துக் குழாயில் வைத்தார். அது ஒட்டாமல் தரையில் விழுந்து உருண்டது. தராசு அதை எடுத்துக் கொடுத்தார்.

"இதே சைஸ் காந்தம் என்கிட்ட ஒரு பெட்டி நிறைய இருந்துச்சு. கடைக்காரங்க தட்டுக்கு அடியில ஒட்டி வைப்பாங்க. பிடுங்கிப் பிடுங்கிச் சேர்த்தது."

"நல்ல கலெக்‌ஷன்தான்" என்று மேடைக்கடியிலிருந்து சிரித்தார் பரிசோதகர். "இரும்பா இருந்தா ஒட்டியிருக்கும். செம்பா என்னன்னு பார்ப்போம்."

வீட்டுச் சாவி ஒன்றை எடுத்துக் குழாயின் பெயின்ட்டைச் சுரண்டினார். சாவி கஷ்டப்படவே இல்லை. வெண்ணெயில் கோடு போட்ட மாதிரி இறங்கியது. கோட்டுக்குள் பளிச்சென்று வெள்ளி நிறம். செம்பாக இருந்தால் துலக்கிய குடம் போலச் சிவந்திருக்கும்.

பரிசோதகர் எழுந்து உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டார். "ஈயம் சார். அசல் ஈயம்."

"அப்போ ரிப்போர்ட்?"

"அதான் புரியலை. பக்கத்து வீட்டுலயும் இதே குழாய்தான். அவங்களுக்கு நாற்பத்தெட்டு. ஆறு மணி நேரம் தண்ணி தொடலைதானே?"

"ஒரு சொட்டு தொடலை."

சொல்லி முடித்த அந்தக் கணத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. கண் தானாகப் பாத்திரம் கவிழ்க்கும் கூடைக்குப் போயிற்று. அங்கே ஓர் எவர்சில்வர் தட்டு குப்புறக் கிடந்தது.

பரிசோதகர் கவனிக்கவில்லை. "சில குழாய்ல உள்பக்கம் சுண்ணாம்பு மாதிரிப் படிஞ்சு ஈயத்தை மூடிடும். அப்படி இருக்கலாம். நான் ரெண்டையும் எழுதிட்டுப் போறேன். ரிப்போர்ட் உங்க பக்கம் இருக்கு" என்று பையை மூடினார். உள்ளறையில் விரித்திருந்த சின்ன மெத்தை அவர் கண்ணில் பட்டது. "பேரனா, பேத்தியா?"

"பேத்தி. ஞாயித்துக்கிழமை வர்றா."

"வரட்டும், வரட்டும்."

வாசலில் உட்கார்ந்து பரிசோதகர் செருப்பின் வாரைப் பூட்டினார். ஒரு வார் பூட்டியாயிற்று. தராசு நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ கடைக்காரர்களின் முகத்தை அவர் இப்படிப் பார்த்திருக்கிறார். காந்தம் இருக்கும் இடம் தெரிந்தும் அதிகாரி தட்டைக் கவிழ்க்காமலே போய்விடுவாரோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் முகம். இரண்டாவது வாரும் பூட்டியாயிற்று.

"மேடம், கொஞ்சம் இருங்க."

திரும்பவும் சமையலறைக்கு அழைத்துப் போனார். தட்டை எடுத்துத் தொட்டிக்குள் கவிழ்த்து வைத்தார். குழாயை நூல் அளவுக்குத் திறந்தார். தண்ணீர் தட்டில் விழுந்து லேசாகச் சலசலத்தது. உள்ளே யாரோ பாத்திரம் கழுவுவது போன்ற சத்தம்.

"ராத்திரி இப்படி வச்சுட்டுத்தான் படுப்பேன்" என்றார். "என் வீட்டுக்காரி படுக்கறதுக்கு முன்னாடி எல்லாப் பாத்திரத்தையும் கழுவிடுவா. நான் அந்தச் சத்தத்துலயே தூங்கிடுவேன். அவ தவறின வாரத்துல ஒரு நாள் குழாயைச் சரியா மூடாம விட்டுட்டேன். அன்னிக்குத்தான் தூக்கம் வந்துச்சு."

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் காது சூடாகிவிட்டது.

"சாம்பிள் எடுத்த அன்னிக்கும்?"

"அன்னிக்கும்தான். குளிக்கலை, குடிக்கலை, டாய்லெட்ல தண்ணி விடலை. இது மட்டும் கணக்குல வரலை. இதைத் தண்ணின்னே நான் நினைக்கலை."

பரிசோதகர் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. அதற்காகத் தராசு பிற்பாடு அவரை நன்றியோடு நினைத்துக்கொண்டார். "எத்தனை நாளா சார்?"

"ரெண்டு வருஷமா."

"ராத்திரி பூரா ஓடினதால தண்ணி தேங்கவே இல்லை. ஒரு வகையில நல்லதுதான், காலையில நீங்க குடிச்சது புதுத் தண்ணி." பையிலிருந்து வேறொரு புட்டியை எடுத்து மேடையில் வைத்தார். "ஆனா மறுபடியும் எடுக்கணும். ராத்திரி முடியாதுன்னா பகல்ல எடுங்க. வீட்டைப் பூட்டிட்டு ஆறு மணி நேரம் எங்கயாவது போயிட்டு வாங்க. சொந்தக்காரங்க, சிநேகிதங்க யார் வீட்டுக்காவது."

"சரி" என்றார்.

மகளைக் கூப்பிட்டு ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்றார். சாம்பிள் தப்பு.

"யாரு எடுத்தது?"

"நான்தான்."

"நீங்களாப்பா? நீங்க தப்பா எடுத்தீங்களா?" அவளுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் குழாய்களை எல்லாம் இறுக மூடி வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். முனை வரை வேகமாக நடந்தவர் அங்கே நின்றார். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. கூட வேலை பார்த்தவர்களில் ஒருவர் மகனோடு வெளிநாட்டில், ஒருவர் இறந்துவிட்டார், இன்னொருவரோடு பன்னிரண்டு வருடமாகப் பேச்சு இல்லை, காரணம் இருவருக்குமே மறந்திருக்கும். சொந்தம் என்று இருந்ததெல்லாம் மனைவி வழியில். அவள் போனதும் அவர்களும் மெல்லக் கழன்றுகொண்டார்கள்.

வந்த பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போனார். எல்லோரும் இறங்கினார்கள்.

"இறங்கலையா சார்?" என்றார் கண்டக்டர்.

"இதே பஸ்லதான் திரும்பணும்."

"ஏதாவது மறந்துட்டீங்களா?"

"இல்லப்பா. டிக்கெட் குடு."

கண்டக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். திரும்பி வந்தபோது பத்தேமுக்கால். சந்தைக்குள் போனார். காய்கறிக் கடைக்காரர் ஒருவர் தூரத்திலேயே அடையாளம் கண்டு எழுந்து நின்றார். "தராசு சார்! பயந்துட்டேன் போங்க. இப்பல்லாம் எலக்ட்ரானிக் மெஷின், ஏமாத்தவே முடியாது."

"முடியும்" என்றார் அவர். "சொல்லித் தரவா?"

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். சிறிது நேரம் நின்றுவிட்டு அங்கிருந்து நகர்ந்தார்.

நூலகத்துக்கு அன்று விடுமுறை. பூங்காவில் நிழல் இருந்த பெஞ்சுகளில் எல்லாம் ஜோடிகள். கடைசியில் பொது மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் போய் உட்கார்ந்தார். ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று யாரும் கேட்காத இடம் அது ஒன்றுதான். அதற்கும் சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. எண்பத்து நான்கு. மின்விசிறிக்குக் கீழே இரண்டு மணி நேரம் சுகமாகக் கழிந்தது. எண்பத்து நான்கு என்று கூப்பிட்டதும் திடுக்கிட்டு எழுந்து, பக்கத்தில் இருமிக்கொண்டிருந்த பெண்ணிடம் தன் சீட்டைக் கொடுத்து அவளுடைய நூற்றுப் பன்னிரண்டை வாங்கிக்கொண்டார்.

"உங்களுக்கு என்ன அண்ணே உடம்புக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. குழாயில தண்ணி தேங்கணும், அதுக்காக உட்கார்ந்திருக்கேன்."

அவள் போகும்போது வாசலில் நின்ற நர்ஸிடம் இவரைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றேகாலுக்கு வீட்டைத் திறந்தார். பகலில் வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்ப் புட்டியைக் குழாய்க்கு நேராகப் பிடித்துத் திறந்தார். தெளிந்த தண்ணீர். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முப்பத்தொரு வருட அனுபவத்துக்கும் அதில் ஒன்றும் அகப்படவில்லை.

முடிவு வந்தபோது பரிசோதகரே கூப்பிட்டுச் சொன்னார். அறுபத்தொன்று. குழாயை மாற்ற எழுதியிருக்கிறாராம். வரிசையில் இவர் வீடு அடுத்த வருடம் வரும். அதுவரை குடிப்பதற்கும் சமைப்பதற்கும் பிடிக்கும் முன் ஐந்து நிமிடம் ஓட விட வேண்டும். குழந்தை என்றால் அதுவும் போதாது.

மகளிடம் எண்ணை மட்டும் சொன்னார். பின்னால் குழந்தையின் சத்தம் கேட்டது.

"அப்போ மாமியார் ஊருக்கே எழுதிக் குடுத்துடறேன்பா."

"குடுத்துடு கண்ணு."

"முதல்ல எடுத்ததுல என்ன தப்பு? அதைச் சொல்லவே இல்லையே நீங்க."

அவர் சொன்னார். பரிசோதகரிடம் சொன்னதைவிடக் குறைவான வார்த்தைகளில் சொன்னார்.

"சொல்லாம இருந்திருக்கலாம் நீங்க" என்றாள். "நான் வந்திருப்பேன்."

"வந்திருப்பே."

"அந்தச் சத்தத்தைக் கேட்கணும்பா. இப்ப தட்டை வைங்க."

சமையலறைக்குப் போனார். தட்டைக் கவிழ்த்து, குழாயை வழக்கம்போல நூலாகத் திறந்து, தொலைபேசியைத் தொட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்தார். தண்ணீர் விழுந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா இன்னும் வேகமாக் கழுவுவாப்பா" என்றது தொலைபேசி.

அவர் குழாயை இன்னும் கொஞ்சம் திருகினார். "இப்போ?"

"இப்போ சரி."

குழந்தை வீறிட்டு அழவும் அவள் அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள். அவர் குழாயை அந்த அளவிலேயே விட்டுவிட்டு, கூடத்தில் கிடந்த தையல் இயந்திரத்தைத் திரும்ப உள்ளறைக்குத் தள்ளத் தொடங்கினார்.