சிவப்புச் சட்டைக்காரனைத் தொட்டுவிட்டுப் போனவன்

1

வந்திருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்த இடமும்:

மேசையின் தலைமாட்டு நாற்காலி காலி. அது அணியின் உரிமையாளர் ஆர்டித் வாஸ்பெர்க் அம்மாளுடையது. குளிர்காலம் முழுக்க அவர் ஃபுளோரிடாவில் இருப்பார். அந்த நாற்காலியில் யாரும் கோட்டைக்கூடப் போடுவதில்லை.

உறைந்த ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டுவேன் ப்ரோகாப், தடுப்பாட்டப் பயிற்சியாளர்.

அவருக்கு எதிரே கில் ஹெஸ்டாட். ஆட்களைச் சேர்ப்பதும் அனுப்புவதும் அவர் வேலை.

கதவோரம் நடீன் கூசிஸ்டோ. வீரர்களின் உடம்பைப் பார்த்துக்கொள்பவள். பாதியில் தொலைபேசி வந்து எழுந்து போனாள். (இதைக் கவனியுங்கள் என்று கதைக்காரர் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டேன்.)

காப்பிக் குடுவைக்குப் பக்கத்தில் நான்.

வராதவர்: லவெல் ப்ரூயிட். பேச்சு முழுக்க அவரைப் பற்றித்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாக வேண்டியதே இல்லை. அம்மாளுக்கு நான் எழுத வேண்டிய ஒரு பக்கக் கடிதம் இது. கூட்டக் குறிப்பு எடுத்து அதைக் கடிதமாக்கி அனுப்புவது என் உத்தியோகம். அம்மாள் மின்னஞ்சல் படிப்பதில்லை. தாளில் வர வேண்டும், காரணம் ஒன்றுதான் இருக்க வேண்டும். "மூணு காரணம் சொல்றவனுக்கு ஒரு காரணமும் தெரியாதுன்னு அர்த்தம்" என்பது அவருடைய வேதவாக்கு. இந்தத் தடவை அந்த ஒரு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை. கடிதத்தில் அடங்காமல் வழிந்ததெல்லாம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

2

தொடக்கங்கள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) "ஒரு காலத்தில் லவெல் ப்ரூயிட் என்றாலே எதிரணி எறிகாரர்களுக்கு வயிற்றைக்" — இதை விட்டுவிட்டேன். ஒரு காலத்தில் என்று தொடங்கினால் ஆளை முதல் வரியிலேயே புதைத்தாயிற்று.

(ஆ) "அமெரிக்கக் கால்பந்தில் பாய்ச்சல்காரன் என்று ஒரு ஆள் உண்டு." இது பாடப் புத்தகம். ஆனாலும் விஷயம் தெரியாமல் நீங்கள் தவிக்கக் கூடாது என்பதற்காக இங்கேயே சொல்கிறேன். எதிரணியில் பந்தை எறிகிறவன் ஒருவன் இருப்பான். அவனுக்கு முன்னால் மாடு மாதிரி காவல்காரர்கள் நிற்பார்கள். அவர்களைத் தள்ளியோ சுற்றியோ போய், அவன் எறிவதற்குள் அவனைத் தரையில் சாய்ப்பவன் பாய்ச்சல்காரன். லவெல் எங்கள் பாய்ச்சல்காரர். முந்தைய வருடங்களில் ஆட்டத்துக்கு ஒருவனையாவது சாய்த்துவிட்டுத்தான் ஓய்வார். போன பருவத்தில் ஆட்டம் ஆட்டமாக வெறுங்கையோடு திரும்பினார்.

(இ) "பிப்ரவரி. ஏரி உறைந்துகிடந்தது." ஏரிக்கும் லவெலுக்கும் என்ன சம்பந்தம்? அடித்தேன்.

கூட்டத்துக்கு வந்த கேள்வியை மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தடுப்பாட்டத்தில் இரண்டு ஓட்டைகள். முன்வரிசையில் லவெலின் இடம் ஒன்று, பின்வரிசையில் நீள எறிகளைத் தடுக்கும் மூலைக்காவல் இன்னொன்று. ஏப்ரலில் கல்லூரிப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும்போது நல்ல ஆளாக ஒருவன்தான் எங்களுக்குக் கிடைப்பான். லவெலைச் சரிசெய்ய முடியும் என்றால் மூலைக்காவலை எடுக்கலாம். முடியாது என்றால் புதுப் பாய்ச்சல்காரன் வருவான், லவெல் வீட்டுக்குப் போவார். ஆக, அவர் ஏன் சறுக்கினார் என்று நான் எழுதப்போகும் வரிதான் அவர் இருப்பதா போவதா என்பதைத் தீர்மானிக்கும்.

3

"காலு போச்சுய்யா. அவ்ளோதான்" என்றார் ப்ரோகாப். "முப்பத்திமூணு வயசு. இதுக்கு எதுக்கு ஒரு கூட்டம், ஒரு காப்பி?"

"காலு எங்கயும் போகல" என்றாள் நடீன். "நான் பார்த்தாச்சு. அவன் முழங்கால் உன்னோடதைவிட நல்லா இருக்கு, டுவேன்."

"இந்த மேசையோட காலுகூடத்தான் என்னோடதைவிட நல்லா இருக்கு. அதை ஆட விடலாமா?"

இந்த இடத்தில்தான் நடீனுக்குத் தொலைபேசி வந்தது. எழுந்து போனாள். ப்ரோகாப் திரையில் அக்டோபர் ஆட்டத்தை ஓட விட்டார்.

எங்கள் பயிற்சியில் ஒரு வழக்கம் இருக்கிறது. எல்லா அணிகளிலும் இருக்கிறது. எறிகாரன் விலை உயர்ந்த பண்டம், பயிற்சியில் அவனுக்கு அடிபட்டுவிடக் கூடாது. அதனால் நம் எறிகாரனுக்குச் சிவப்புச் சட்டை மாட்டிவிடுவார்கள். சிவப்பைக் கண்டால் பாய்ச்சல்காரன் பாயக் கூடாது. பக்கத்தில் ஓடி, தோளை லேசாகத் தொட்டுவிட்டு, விலகிப் போய்விட வேண்டும். வாரம் முழுக்க, வருடம் முழுக்க, இதே பழக்கம்.

திரையில் லவெல் காவல்காரனைக் கதவைத் திறப்பது மாதிரி ஒதுக்கினார். அத்தனை சுத்தம். எதிரே எறிகாரன், நடுவில் ஈ காக்கா இல்லை. எதிரணிக்கு அன்று அடர்சிவப்புச் சட்டை. லவெல் ஓடினார். அவன் தோளைத் தொட்டார். விலகிப் போய்விட்டார்.

எறிகாரனே ஒரு கணம் திருதிருவென்று விழித்தான். பிறகு சாவகாசமாகப் பந்தை எறிந்தான். அவர்களுக்குப் புள்ளி.

கில் சிரிப்பை அடக்கமாட்டாமல் மேசையைத் தட்டினார். "அட கர்மமே! தொட்டுட்டுப் போறான்! கண்ணாமூச்சி ஆடறானா?"

"சிவப்பு" என்றார் ப்ரோகாப் மெதுவாக. "சிவப்புய்யா. நாமதானே பழக்கினோம்."

எனக்கு உடம்பெல்லாம் லேசானது. ஒரு காரணம்! தாளில் எழுதக்கூடிய காரணம். பயிற்சியில் போடும் சட்டையை மஞ்சளாக்கினால் தீர்ந்தது.*

(* அதே மாதம் இன்னொரு சிவப்புச் சட்டை அணியோடு ஆடியபோது லவெல் எறிகாரனைச் சாய்த்திருக்கிறார். வெள்ளைச் சட்டைக்காரர்களிடம் வெறுங்கையோடு திரும்பியும் இருக்கிறார். இதைக் கடிதத்தில் போட்டால் காரணம் நொண்டும். போடாவிட்டால் கடிதம் நொண்டும்.)

4

இங்கே ஒரு பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதைத் தீர்க்காமல் மேலே போக முடியவில்லை.

எழுத எழுத லவெலைச் சோகமான மனிதராக்கிக்கொண்டே போகிறேன். அவர் அப்படிப்பட்டவரே இல்லை. மிசிசிப்பிக்காரர், பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஒரு விஷயத்தை ஒழுங்காகப் பேச மாட்டார். பொற்கொடி என்ற என் பெயரை இந்த ஊர் "கோடி" ஆக்கியது. அதற்கு முன்னால் "மிஸ்" சேர்த்து அவர்தான் மரியாதை கொடுத்தார். திங்கள்கிழமை தோறும் நடீனின் அறைக்குள் நுழைந்து தொப்பியைக் கழற்றி, "வணக்கம்மா, எம் பேரு லவெல். இங்க புதுசு. எங்க உக்காரணும்?" என்பார். நடீனும் முகம் மாறாமல், "பேரு எழுதிக் குடுத்துட்டு வரிசையில வா தம்பி" என்பாள். எத்தனையோ காலமாக நடக்கும் நாடகம்.

எத்தனை காலமாக? யோசித்துப் பார்க்கிறேன். இரண்டு வருடம்? வந்த நாளிலிருந்தா? (இந்தக் கேள்வி இதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.)

5

அவர் வந்தார். வராதவர் என்று மேலே எழுதியிருப்பதைத் திருத்தப்போவதில்லை. குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது.

கையில் காகிதப் பை. ஏரிக்கரைக் கடையிலிருந்து வாங்கிய, புகைபோட்ட மீன். அறை முழுக்க வாசனை. நாங்கள் கப்சிப்.

"என்னடா இது, எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க" என்றார். "பொணம் யாரு? நானா?"

"உக்காருப்பா" என்றார் கில்.

"வேணாம், பொணம் படுக்கணும், உக்காரக் கூடாது. மிஸ் கோடி, மீன் எடுத்துக்கங்க. கோச்சுக்குக் குடுக்காதீங்க, முள்ளு தொண்டையில சிக்கும், அப்புறம் அதுக்கும் நான்தான் காரணம்பாரு."

திரையில் காட்சி நின்றிருந்தது. சிவப்புத் தோளின்மேல் ஒரு கை. அவர் அதைப் பார்த்தார்.

"யாரு அது?"

"நீதான்" என்றார் ப்ரோகாப்.

"எந்த மேட்ச்?"

"அக்டோபர். அவங்க ஊர்ல."

லவெல் திரைக்குக் கிட்டத்தில் போனார். கொஞ்ச நேரம் நின்றார். "அன்னிக்கு நான் ஆடவே இல்லியே, கோச்."

என் குறிப்பில் அடுத்து இருப்பது ஒரே ஒரு சொல். அடைப்புக்குறிக்குள்: (சிரிப்பு).

6

அந்த ஒரு சொல்லில்தான் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

யார் முதலில் சிரித்தார்கள்? லவெல் முதலில் சிரித்திருந்தால் அது நக்கல்; அப்படிக் கேவலமாக ஆடியது நானில்லை என்று சொல்கிறார், அவ்வளவுதான். ப்ரோகாப் முதலில் சிரித்து லவெல் பிறகு சேர்ந்துகொண்டிருந்தால்? அப்போது அந்த ஆட்டம் அவர் தலைக்குள் இல்லை. அத்தனை வருடம் ஹெல்மெட்டோடு ஹெல்மெட் மோதிய தலை. பிடித்துக்கொள்ள ஒரு சிரிப்பு கிடைத்தது, பிடித்துக்கொண்டார்.

மறுநாள் ப்ரோகாப், கில் இருவரிடமும் கேட்டேன்.

"அவன்தான் முதல்ல சிரிச்சான்" என்றார் ப்ரோகாப்.

"நீதான்யா முதல்ல சிரிச்ச" என்றார் கில்.

"நானா? எனக்கு ஞாபகம் இல்ல. ஏன், ஞாபகம் இல்லேன்னா நானும் டாக்டர்கிட்ட போகணுமா?"

"கோடி, பெருசு பண்ணாத" என்றார் கில். "சிவப்புச் சட்டைன்னு எழுது. மஞ்சளா மாத்தறோம்னு எழுது. இன்னொரு வருஷம் ஆடட்டும், நாம மூலைக்காவலை எடுத்துக்கலாம்."

"வயசுன்னு எழுது" என்றார் ப்ரோகாப். "அதான் உண்மை."

சிரிப்பைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இவர்களைக் கெட்டவர்களாகக் காட்டுவது சுலபம். ஒரு வரைவில் காட்டியும் பார்த்தேன், பொய்யாக இருந்தது. லவெலின் மகளுக்கு ஞானத்தாயாக இருப்பது ப்ரோகாப்பின் மனைவி. அது ஜோக்காகவே இருக்க வேண்டும் என்று அந்த அறையில் எல்லோரையும்விட அதிகமாக ஆசைப்பட்டவர் அவர்தான் என்று நினைக்கிறேன். ஆசைப்பட்டவர்தான் முதலில் சிரித்திருப்பார் என்றும் நினைக்கிறேன். நினைப்பதெல்லாம் சாட்சியாகாது.

7

முடிவுகள். எல்லாவற்றையும் எழுதிப் பார்த்துவிட்டேன்.

முதல் முடிவு: சிவப்பு என்று எழுதுகிறேன். அம்மாளுக்குப் பிடித்துப்போகிறது. மஞ்சள் சட்டை வருகிறது. லவெல் இன்னொரு வருடம் ஆடுகிறார், இன்னொரு வருடம் மோதுகிறார். எனக்கு நன்றி சொல்லி மீன் வாங்கி வருகிறார்.

இரண்டாம் முடிவு: வயது. அவர் மிசிசிப்பிக்குப் போகிறார். எந்த ஆட்டம் என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. ஆகவே யாருக்கும் தெரியாது. அவருக்கும்.

மூன்றாம் முடிவு: அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அம்மாள் மருத்துவரைக் கூப்பிடுவார். அல்லது வழக்கறிஞரைக் கூப்பிடுவார். அது வெறும் ஜோக்காக இருந்தால், ஒரு மனிதரின் பிழைப்பை அவருடைய ஜோக்கைக்கொண்டே முடித்து

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

அந்தச் சிரிப்பின்போது அறையில் இல்லாத நடீனிடம் சொல்லலாமே என்பீர்கள். சொன்னால் அவள் அதைக் கோப்பில் ஏற்றியாக வேண்டும், அது அவள் கடமை. கோப்பு கில்லின் மேசைக்குப் போகும். போனது திரும்பாது. ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியாது என்பது இதை எழுதும்போதுதான் எனக்கே தெளிவாகிறது. ஆகவே முதலில் கேட்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். இந்த ஐந்தாறு பக்கமாக அவரைப் பற்றியே பேசிக்கொண்டு, அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

நேரில் கேட்டால் பயனில்லை. ஜோக் அடிப்பார். நான் சிரிப்பேன். யார் முதலில் சிரித்தது என்று மறுபடி தெரியாமல் போகும். தாளைப் படிக்கும்போது எதிரே சிரிக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

8

அனுப்புநர், பெறுநர், நாள் எல்லாம் முறைப்படி போட்டேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழக்கம், எந்த மொழியில் எழுதினாலும் விடாது. உள்ளே இவ்வளவுதான்:

"அன்புள்ள லவெல்,

கூட்டத்தில் திரையில் பார்த்த அக்டோபர் ஆட்டத்தில் நீங்கள் ஆடவில்லை என்று சொன்னீர்கள். நீங்கள் ஆடினீர்கள். நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். திரும்பும் விமானத்தில் என் பக்கத்து இருக்கையில் நீங்கள்தான் இருந்தீர்கள். உங்கள் மகளுக்குப் பல் விழுந்த கதையைச் சொன்னீர்கள்.

அது வேடிக்கைக்குச் சொன்னது என்றால் ஒரே வரியில் எழுதிவிடுங்கள். நான் முட்டாளாகிப் போகிறேன், பரவாயில்லை. வேடிக்கை இல்லை என்றால் வாருங்கள், நடீனிடம் சேர்ந்து போவோம். நீங்கள் உள்ளே இருக்கும்வரை வெளியே உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் இல்லையென்றால் நானே அவளிடம் சொல்லிவிடுவேன். உங்களுக்குத் தெரியாமல் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. அம்மாளுக்குப் போக வேண்டிய கடிதத்தை அதுவரை நிறுத்திவைத்திருக்கிறேன்.

— மிஸ் கோடி"

வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லை. அவர் ஒரே வரியில் என்ன எழுதுவார் என்று நான் எழுதிக் காட்ட முடியும், என்னிடம் பேனா இருக்கிறது. காட்ட மாட்டேன். அந்த அறையில் இப்போது நீங்களும் இருந்திருக்கிறீர்கள். அவர் திரைக்குக் கிட்டத்தில் போய் நின்றதைப் பார்த்தீர்கள். முதலில் யார் சிரித்தது என்பது உங்கள் காதில் விழுந்திருந்தால், முடிவு உங்களிடம் இருக்கிறது.

தாளை மூன்றாக மடித்தேன். உறையில் வைத்து, விளிம்பை நக்கி ஒட்டி, விரலால் இரண்டு முறை தேய்த்தேன். தபால்காரி பனிக்காலணியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். உறையை வாங்கி முகவரியைப் படித்தாள்.

"இந்த ஊரேதானா? நடந்து போயே குடுத்திருக்கலாமே, கோடி."

"குடுத்திருக்கலாம்" என்றேன். அவள் பையில் போட்டுக்கொண்டு போனாள்.