சுவரடியில் ஒரு காடு

அன்று காலை கடற்கரையில் இருந்தவர்கள்: வீட்டுக்காரியான என் அக்கா, குளிர்கிடங்கில் இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்த நான், அரிப்பை அளக்க அரசு அலுவலகத்திலிருந்து கேமராவோடு வந்த அளவைக்காரர். அத்தான் வரவில்லை. வந்தால் அழுதுவிடுவேன் என்று சொல்லி வேலைக்குப் போய்விட்டார்.

கரையோரமாக நடந்துகொண்டே படம் எடுக்க வேண்டும். பத்தடிக்கு ஒருமுறை நான் அளவுகோலை மணலில் நிறுத்துவேன், அவர் எடுப்பார். கடல் அரித்து எங்கள் வீட்டுச் சுவரடி மணலிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேல் அந்தரத்தில் இருந்தால், அன்றே வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். படத்தில் தெரியும் எண்தான் முடிவு.

முந்தின நாளே அக்கா வழி சொல்லியிருந்தாள். மணலைக் காலால் ஒரு சாண் குவித்து, அதன் மேல் கோலை வைத்தால் எண் குறைந்துவிடும். "படிப்பைத்தான் பாதியில விட்ட. இதையாவது ஒழுங்கா செய்டா" என்றாள்.

சுவரருகே வந்ததும் காலால் மணலைக் குவித்தேன். கால்விரலில் ஏதோ இடித்தது. கல் என்று நினைத்துக் குனிந்தேன். கறுத்துப்போன மரம். கையால் தடவிய திசையிலெல்லாம் வேர் ஓடியது.

நிமிர்ந்து பார்த்தேன். மூன்று நாள் கொந்தளிப்பில் கடல் மணலை வாரிக்கொண்டு வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. தூரத்திலிருந்து பாறை என்று நாங்கள் நினைத்தவை அத்தனையும் மரத்தின் அடிக்கட்டைகள். நூறோ இருநூறோ, எண்ண முடியவில்லை. ஒன்றின் வேர் இன்னொன்றைப் பிடித்தபடி, அலை வரைக்கும். எதையும் பார்த்து வாய் பிளக்கிற ஆள் இல்லை நான். அன்று பிளந்தேன்.

அளவைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டார். ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது. வந்த வேலையை மறந்து நாலா பக்கமும் படம் எடுத்துத் தள்ளினார். அக்கா ஒரு கட்டையருகே மண்டியிட்டு, பட்டையைக் கிள்ளி முகர்ந்தாள்.

"இன்னும் மர வாசனை அடிக்குதுடா" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "இத்தனை வருஷமும் இது மேலதான் படுத்துத் தூங்கியிருக்கோம்."

வெகுநேரம் கழித்து அளவைக்காரர் தொண்டையைச் செருமினார். "தம்பி, கோல்."

குவித்த மணல் அப்படியே இருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் வந்து அதைக் கையால் வழித்துத் தள்ளினாள். கீழே, மணல் மட்டத்தில், வேர் சுவருக்கடியில் நுழைந்து போயிருந்தது.

"வேர் மேலயே வை. அதுவும் படத்துல விழட்டும்."

"அக்கா, எண் ஏறிடும்."

"தெரியும். வை."

இரண்டு மீட்டர் பதினாலு. அளவைக்காரர் ஒரே படம்தான் எடுத்தார். எண்ணை வாய்விட்டுப் படிக்கவில்லை.

மூட்டை கட்ட ஒரு மணி நேரம் கொடுத்தார். அக்கா அரை மணியில் முடித்தாள். கடைசிப் பையோடு வெளியே வந்தவள், அந்தப் படத்தின் பிரதி ஒன்று வேண்டும் என்று மட்டும் அவரிடம் கேட்டாள். தருவதாகச் சொன்னார். பிறகு அவள் முதுகுக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டினார்.